பசு வேறு, ஆடு வேறு

கற்றல் பற்றிய கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் "எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனை" என்ற வரியை மட்டும் திருத்திவிடுங்கள். பி.எட். படிக்கும் பிள்ளைகள் அப்படியே தேர்வில் எழுதிவிடுவார்கள். எங்கள் வேலூர் கத்திரி வெயிலில் குடை விரித்ததும் சூடு தணிகிறது. தொல்லை நீங்குவதால் மறுநாளும் குடையை மறக்காமல் எடுக்கிறோம். இதுதான் எதிர்மறை வலுவூட்டல். தண்டனை என்பது ஒரு செயலைக் குறைப்பது; வலுவூட்டல் என்பது அதைக் கூட்டுவது.

அப்புறம், ஆக்கநிலையிறுத்தத்தில் (conditioning), அதாவது அனுபவத்தால் ஒரு பழக்கம் படிவதில், இரண்டு வகை உண்டு; இரண்டையும் கட்டுரை ஒன்றாகக் கலந்துவிட்டது. குடியாத்தம் பக்கம் எங்கள் வீட்டில் ஒரு பசு இருந்தது. கன்று முட்டினால் பால் சுரப்பது இயல்பு. தினமும் கறவைக்கு முன்னால் அம்மா சொம்பு கழுவுவார். நாளாக ஆக, அந்தச் சத்தம் கேட்டாலே, கன்றை அவிழ்க்கும் முன்பே காம்பில் பால் சொட்டும். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்க்கு, உணவுக்கு முன் வழக்கமாகக் கேட்ட சத்தத்துக்கே எச்சில் ஊறியதும் இப்படித்தான். இது முதல் வகை. உடம்பு தானாகப் பதில் சொல்கிறது.

எங்கள் ஆட்டின் கதை வேறு; அது இரண்டாம் வகை. படல் நாதாங்கியை முட்டி முட்டிப் பார்த்தது. ஒருநாள் தற்செயலாகத் திறந்துகொள்ள, உள்ளே அகத்திக்கீரை! அடுத்த வாரமே வந்ததும் மூக்கால் நேராக நாதாங்கியைத்தான் தூக்கியது. 1898இல் அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக், கூண்டைத் திறந்து வெளியே வரக் கற்ற பூனைகளிடம் கண்டதும், பிறகு இன்னொரு உளவியலாளர் ஸ்கின்னர் விரிவாக ஆராய்ந்ததும் இதைத்தான். இங்கே செயல் முதலில், பலன் பிறகு. பசுவுக்கோ சத்தம்தான் முதலில்.