ஜிக் வாளியும் கோக்கி பேனாவும்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் இருக்கிற எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஒரு நீல வாளி இன்னும் கிடக்கிறது. 2020-இல் கொரோனா வந்தபோது, நர்சாக இருக்கும் அக்கா வாங்கி வைத்தது. நைட் ட்யூட்டி முடிந்து காலை எட்டு மணிக்கு வருவாள். ஜிக் என்கிற ப்ளீச் கலந்த தண்ணீரில் யூனிபாரத்தை முக்கிவிட்டு, பின்கட்டு அவுட்பில்டிங்கில் குளித்துவிட்டு அங்கேயே படுத்துக்கொள்வாள். அம்மா சாப்பாட்டுத் தட்டைப் படியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். மாதக்கணக்கில் இப்படித்தான். நேற்று அந்த வாளியைத் தூக்கிப் போடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "இருக்கட்டும்டா" என்றாள்.

நர்சுகளை ஹீரோ என்று யாராவது பதிவு போட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஹீரோவுக்கு மாஸ்க் வேண்டாம், தூக்கம் வேண்டாம், லீவும் வேண்டாம் என்று ஆகிவிடுகிறது பாருங்கள்.

அக்காவின் வார்டில் ஒரு என்95 மாஸ்க் ஐந்து நாள் வர வேண்டும். ட்யூட்டி முடிந்ததும் பிரவுன் பேப்பர் பையில் போட்டு, கோக்கி பேனாவால் (இங்கே ஸ்கெட்ச் பேனாவுக்கு அதுதான் பெயர்) பெயர் எழுதி வைப்பார்கள். அக்கா தன் பையில் ஒரு பூவும் வரைந்து வைப்பாள், மாறிப்போகக் கூடாதென்று. ஏப்ரனைக் கழற்றினால் வேறு கிடைக்காது என்பதால் பன்னிரண்டு மணி நேரமும் தண்ணீரே குடிக்காமல் இருந்தவர்கள் உண்டு. பார்வையாளர்களை உள்ளே விடவில்லை. ஒரு பாட்டிக்கு மகன் போனில் தேவாரம் பாட, பிளாஸ்டிக் பையில் சுற்றிய போனைக் காதருகே பிடித்தபடி அக்கா இருபது நிமிடம் நின்றிருக்கிறாள். இதெல்லாம் எந்த ட்யூட்டி லிஸ்டில் வரும்?

பயம் சும்மா வரவில்லை. 2020 மார்ச், ஏப்ரலில் டர்பனில் ஒரே தனியார் மருத்துவமனையில் 39 நோயாளிகளுக்கும் 80 ஊழியர்களுக்கும் தொற்று பரவியது. நோயாளிகளில் 15 பேர் இறந்துபோனார்கள். அப்புறம் பாதுகாப்புக் கருவி வாங்கிய காசிலேயே ஊழல். கௌடெங் மாகாணச் சுகாதாரத் துறையில் அதை அம்பலப்படுத்திய அதிகாரி பபிதா தேவகரணை 2021 ஆகஸ்ட் 23 அன்று வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். யாருடைய மாஸ்க் காசு அது?

ஆதரவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மன உளைச்சலுக்குப் பேச ஒரு போன் நம்பரை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். பகலில் மட்டும்தான் எடுப்பார்கள். நைட் ட்யூட்டிக்காரர்கள் தூங்குகிற நேரம்! அக்காவைத் தாங்கியது அவளுடைய வார்டு சிஸ்டர்தான். பொறுப்பு மாற்றுகிற நேரத்தில் நோயாளிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், "யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் இன்னும் சாப்பிடல?" என்று கேட்பாராம். காய்ச்சல் என்று சொன்னவளை அந்த நிமிடமே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தானே அந்த இடத்தில் நிற்பார்.

2021 பிப்ரவரி 17 அன்று சிசோன்கே என்ற கொரோனா தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. சுகாதாரப் பணியாளர்களுக்குத்தான் முதலில். அக்கா கையைக் காட்டிப் போட்டோ அனுப்பினாள், அம்மா அதையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, இனி மூச்சு விடலாம் என்று நினைத்தோம். ஜூலையில் மூன்றாம் அலையோடு கலவரமும் வந்தது. சாலையெல்லாம் அடைபட்டு, மாற்று ஆள் வர முடியாமல், துணி அடுக்கும் அறையில் இரண்டு ராத்திரி முறை வைத்துத் தூங்கினார்கள்.

அலை ஓய்ந்ததும் ஒப்பந்தத்தில் எடுத்தவர்களை அனுப்பிவிட்டார்கள். அக்காவின் வார்டில் கட்டில் குறையவில்லை, கை குறைந்துவிட்டது. அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி இப்போது சூப்பர்மார்க்கெட்டில் பில் போடுகிறாள். போன வாரம் என் பால் பாக்கெட்டை ஸ்கேன் பண்ணிக்கொண்டே, "அங்கே ஆள் எடுக்கிறாங்களாண்ணா?" என்று கேட்டாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.