ஸ்பிளாஷ் ஸ்கிரீன் திரும்புறதுக்கு ஆன்கிரியேட் வரி மருந்து இல்ல

தம்பி, "ஆன்கிரியேட்ல செட்ரெக்வெஸ்டட்ஓரியன்டேஷன் போர்ட்ரெய்ட்னு ஒரு வரி போட்டா போதும், ஸ்பிளாஷ் திரும்பவே திரும்பாது"ன்னு போட்டிருக்கீங்க, அது சரியில்லங்க. (ஸ்பிளாஷ்னா ஆப் திறக்கறப்ப மொதல்ல வர்ற திரை; ஆன்கிரியேட்னா ஆப்போட திரை உருவாகறப்ப ஓடுற நம்ம கோடு; அந்த வரி திரையை நிமிர்ந்த வாக்குல பூட்டுறதுக்கு.) ஆண்ட்ராய்டுல ஸ்பிளாஷை வரையிறது நம்ம கோடு இல்ல, சிஸ்டம். ஆப் பிராசஸ் எந்திரிக்கறதுக்கு முன்னாடியே தீம் (ஆப்போட தோற்ற அமைப்பு) என்னன்னு பார்த்து ஜன்னலை காட்டிடும், ஆன்கிரியேட் ஓடுறப்ப ஸ்பிளாஷ் ஏற்கனவே படுக்கை வாக்குல வந்து நிக்கும், அப்புறம் படக்குன்னு நிமிரும். பந்தி முடிஞ்சப்புறம் இலை போடுற கதைதான்.

மேனிஃபெஸ்ட்ல (ஆப்பைப் பத்தி சிஸ்டத்துக்கு சொல்ற ஃபைல்) அந்த ஆக்டிவிட்டிக்கே, அதாவது அந்த திரைக்கே, ஸ்கிரீன்ஓரியன்டேஷன் போடுங்க, அதைத்தான் சிஸ்டம் முதல்ல படிக்கும். ஆனா டேப்லட்ல இதையும் முழுசா நம்பாதீங்க, ஆண்ட்ராய்டு 16-ஐ டார்கெட் பண்ணா சின்னப் பக்கம் 600 டிபியோ (ஆண்ட்ராய்டோட திரை அளவு அலகு) அதுக்கு மேலயோ உள்ள திரையில அந்த பூட்டை சிஸ்டம் கண்டுக்காது (கேம்ஸுக்கு விலக்கு உண்டு).

அதனால படம் ரெண்டு பக்கமும் தாங்கணும். இங்க காரைக்குடில வீடு சுத்திக்காட்டுற ஆப் ஒண்ணு பாத்தேன், ஆத்தங்குடி கல்லு போட்டோவை அப்படியே விண்டோ பேக்ரவுண்டா வச்சிருந்தாங்க, போனை சாய்ச்சா பூவெல்லாம் இழுபட்டு தட்டையா கெடக்கு. லேயர்லிஸ்ட்ல (படங்களை அடுக்கா வைக்கிற ஃபைல்) பிட்மேப்புக்கு, அதாவது அந்த போட்டோவுக்கு, கிராவிட்டி சென்டர் குடுத்தா இழுக்காது. ஆண்ட்ராய்டு 12-லருந்து சிஸ்டம் ஸ்பிளாஷ்ல முக்கியமா நடுவுல ஐகான், பின்னாடி ஒத்த கலர்தான், முழுப்படமே வேணாம்.

ஐபோன்ல லாஞ்ச் ஸ்கிரீன்ல நம்ம கோடு ஓடவே ஓடாது. இன்ஃபோ பிலிஸ்ட்ல (ஐபோன் ஆப்போட அமைப்பு ஃபைல்) போர்ட்ரெய்ட் மட்டும் வச்சுட்டு, உள்ள வந்தப்புறம் ஆப் டெலிகேட்ல (ஆப்போட நிகழ்வுகளை கவனிக்கிற நம்ம கோடு) மத்த திசைகளை தொறந்து விடலாம்.