மலையேறும் பாமாயில்

சுகர், பிரஷர் என்றதும் "நல்லா நடங்க" என்பதுதான் நம் ஊரில் முதல் வைத்தியம். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். மூட்டையோடு மேடேறி இறங்குகிறவருக்கு வாக்கிங் சொல்வதில் என்ன இருக்கிறது? அந்த மலைக்கிராமங்களில் பார்க்க வேண்டியது, கடையில் என்ன சரக்கு வந்து இறங்குகிறது என்பதைத்தான்.

இதில் நமக்கு முன்னால் அடிபட்டவை தீவுகள். பசிபிக்கில் நவுரு என்று ஒரு குட்டித் தீவு. பாஸ்பேட் தோண்டிக் காசு வந்தது. மீனும் தேங்காயும் பின்னுக்குப் போய், கப்பலில் வரும் வெள்ளை அரிசியும் டின் இறைச்சியும் சர்க்கரைப் பானமும் அன்றாடச் சாப்பாடாகின. 1970-களின் நடுவில் பரிசோதித்தபோது பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு சர்க்கரை நோய்.

நம் ஆட்களும் வாழும் மொரிஷியஸ் வேறு வழியில் போனது. அங்கே மக்கள் பெரும்பாலும் வாங்கிய ரேஷன் எண்ணெயில் பாமாயில்தான் அதிகம். 1987-ல் அதைச் சோயா எண்ணெய்க்கு மாற்றினார்கள். 1992-ல் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் 5.5 மில்லிமோலில் இருந்து 4.7-க்கு வந்திருந்தது. நம் லேப் சீட்டுக் கணக்கில் 213-லிருந்து 182. பிரசாரமும் கூடவே நடந்தது, ஆனாலும் இறக்கத்தில் கணிசமான பங்கு எண்ணெய்க்குத்தான். ஒன்றை மறைக்கக்கூடாது: அதே ஐந்து வருடத்தில் உடல் பருமன் கூடியது, சர்க்கரை நோய் குறையவில்லை. எண்ணெய் மாற்றினால் கொழுப்பு இறங்கும், சுகர் இறங்காது.

இப்போது நம் ரேஷன் கடைக்கு வருவோம். 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில். எடை சுமார் 910 கிராம், அதில் பாதி நிறைகொழுப்பு, அதாவது ரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றும் கொழுப்பு. நாலு பேர் குடும்பம் ஒரு மாதம் அதை மட்டும் ஊற்றினால் தலைக்குத் தினம் 4 கிராம் நிறைகொழுப்புகூட வராது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உச்சவரம்பு 22 கிராம். ஆக, "ரேஷன் பாமாயில் விஷம்" என்று சுற்றிவரும் வாட்ஸப் தகவலை நம்பாதீர்கள். சிக்கல் அதற்கு மேலே ஏறுவதில் இருக்கிறது. அந்த லிட்டர் தீர்ந்ததும் மளிகைக் கடையில் அதே பாமாயிலையே இன்னும் இரண்டு லிட்டர் வாங்குகிறோம். பிஸ்கட், சிப்ஸ், மிக்சர், பேக்கரி பன், ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜி என்று எல்லாவற்றிலும் பெரும்பாலும் அதே எண்ணெய். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி பாக்கெட் தின்பண்டம் தினமும் தவறாமல் வந்துவிடுகிறது, கீரை வருவதில்லை.

அதனால் அரசாங்கத்தின் கையில் இருக்கிற அந்த ஒரு லிட்டரிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். மலைக்கிராம ரேஷன் கார்டுகளுக்கு முதலில் கடலை எண்ணெய் கொடுக்கலாம், அதன் நிறைகொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். விலை கட்டாது என்றால் அரை லிட்டராகக் கொடுங்கள், இல்லை சோயா எண்ணெய் கொடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டும் என்று கேட்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்: தென்னை விவசாயிக்கு அது நல்லது, ஆனால் அதில் நிறைகொழுப்பு 90 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. ரத்தக்குழாயை நினைத்துப் பாமாயிலை மாற்றுகிறோம் என்றால் அந்தக் கணக்கு உதைக்கும்.

அரிசிக்கும் இதே கதைதான். 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். சாமையும் தினையும் விளைந்த, ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்குப் பொருந்துகிற யோசனை. ஆனால் களியை மூன்று உருண்டை விழுங்கினால் கேழ்வரகும் சுகரை ஏற்றும்.

உப்புக்கு ஒரு எளிய சோதனை. தலைக்குத் தினம் 5 கிராம் என்றால் நாலு பேருக்கு மாதம் 600 கிராம், ஊறுகாய், அப்பளம், தட்டுவடை செட் எல்லாம் இதற்குள் அடக்கம். ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாளில் தீர்கிறது என்று தேதி எழுதி ஒட்டிப் பாருங்கள்.

பிரஷர் பார்ப்பதையும் ரேஷன் கடை வாசலுக்கே கொண்டுவரலாம். வீடு தேடி வந்து பார்க்கும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் வந்தது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் காலையில் வீட்டைத் தேடிப் போனால் பூட்டுதான் இருக்கும். ரேஷனுக்கு யாராவது வந்தே ஆகவேண்டும். மேடேறி வந்தவரை அப்படியே பட்டையைச் சுற்றி அளக்காதீர்கள், கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைக்கணும், கால் தரையில், கை நெஞ்சு மட்டத்தில். பீடி, காப்பி குடித்து அரை மணியாவது ஆகியிருக்கணும். ஸ்வெட்டர் கைக்கு மேலே சுற்றுகிற வேலை வேண்டாம். பட்டை சின்னதாக இருந்தால் அளவு ஏறும், ஒல்லிக் கைக்குப் பெரிய பட்டை சுற்றினால் இறங்கும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்கணும். 140/90-ஐத் தொட்டால் வேறொரு நாளும் பார்த்த பிறகே மாத்திரைப் பேச்சு. முதல் அளவே 180/110 என்றால் மட்டும் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பணும்.

கடைசியாக மழை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து ஏற்காடு மலைப்பாதை அடைபட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி ஒரு வாரத்தில் மலையும் தீவுதான். அக்டோபர் பிறக்கும் முன்பே ஒவ்வொரு நோயாளி கையிலும் 15 நாள் மாத்திரை கூடுதலாக இருக்கணும். அட்டெனோலால் மாதிரி பிரஷர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் பிரஷரும் நெஞ்சுப் படபடப்பும் எகிறும், இதய நோயாளிக்கு நெஞ்சுவலியே வரலாம். இன்சுலின் போடுகிறவர்கள் பிரிக்காத பாட்டிலை ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் வைக்கட்டும், ஃப்ரீசரை ஒட்டி வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலினை உருக்கிப் போட்டாலும் சரியாக வேலை செய்யாது. பிரித்ததை வெயில் படாமல், 30 டிகிரிக்குக் கீழே வைத்தால் நாலு வாரம் தாங்கும். மலைக் குளிரில் அதற்கு வீட்டு அலமாரியே போதும்.