ஓடாத ரோட்டரிக்கு ஏறும் விலை

போன வாரம் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தார். "அண்ணே, உங்க எஃப்சி இன்னும் இருக்கா? நல்ல விலைக்கு ஆள் இருக்கு." நான் பதில் போடவில்லை. அரை மணி நேரத்தில் அடுத்தது வந்தது. "வாங்குறவரு ஓட்டவே மாட்டாரு அண்ணே. ஏர்கோன் போட்ட இடத்துல பத்திரமா வச்சிருப்பாரு."

வரன் பேசும்போது "மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் கிடையாது" என்பார்களே, அந்தத் தொனியில் சொல்கிறார், ஓட்டவே மாட்டாராம்!

அவருக்கு நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இவ்வளவு நீண்டுவிட்டது. கார் பேச்சு பிடிக்காதவர்கள் தாண்டிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என்னிடம் இருப்பது மாஸ்டா ஆர்எக்ஸ்-7, ரோட்டரி எஞ்சின் வைத்த கார், இரண்டாம் தலைமுறை. தம்பி கேட்ட எஃப்சி இதுதான். 1985இல் வந்த உருவம். 2002இல் வாங்கினேன். அன்றைக்கு ஓடுகிற நிலையில் உள்ள ஒரு பழைய புரோட்டோன் சாகாவுக்கு என்ன கேட்பார்களோ, அதைவிடக் குறைவாகவே கொடுத்தேன். எஞ்சின் செத்துக் கிடந்தது, எந்த ஃபோர்மனும் (மெக்கானிக்கைத்தான் சொல்கிறேன்) தொட மாட்டேன் என்றார். கோலாலம்பூரில் நான்கு பட்டறை ஏறி இறங்கினேன். "வால்வு இல்ல, பிஸ்டன் இல்ல, இதுல எதப் பார்க்கிறது?" என்று ஒருவர் என்னையே கேட்டார். இன்னொருவர் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. "தூக்கிப் போட்டுட்டு ஹாஃப்கட் கடையில ஒரு டொயோட்டா எஞ்சின் பாருங்க" என்று, பழைய வண்டிகளை வெட்டி விற்கும் கடையைக் காட்டிவிட்டு, ரொட்டி சானாய் சாப்பிடப் போய்விட்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் வட்டத்தில் இந்த வண்டி மேல் உண்டான பிரியத்துக்கு ஃபோர்மன்களின் பயமே காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் பயந்தார்கள், விலை விழுந்தது. விலை விழுந்ததால்தான் செந்தூல் அடுக்குமாடியில் இருந்த என்னைப் போன்றவன் கைக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. பணக்காரப் பிள்ளைகள் அன்று வேறு வண்டி வாங்கினார்கள். நாங்கள் மற்றவர்கள் ஒதுக்கியதை எடுத்துக்கொண்டோம். எடுத்தவனே பழுது பார்க்கவும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பிரியம் அங்கேதான் பிடித்தது.

எனக்குக் கற்றுக்கொடுத்தது என் தாய்மாமா. செகாம்புட் பக்கம் லாரி டீசல் எஞ்சின் பார்த்தவர். ரோட்டரியைப் பார்த்ததே இல்லை. ஆனால் பயப்படவில்லை. கழற்றிக் கீழே வைத்ததும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இத்தனூண்டா?" என்றார். உண்மைதான், எஞ்சினின் உடம்பு மட்டும் என்றால் ஒரு பெரிய தவில் அளவுக்குக்கூட வராது. திறந்து உள்ளே பார்த்தபிறகு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே பாட்டி தோட்டத்திலிருந்து கிளம்பி வந்தபோது கூடவே கொண்டுவந்த ஆட்டுக்கல் கிடந்தது.

"குழவியைச் சுத்துடா" என்றார். சுற்றினேன். "அது தானா உருளுது, குழியையும் சுத்தி வருது, பாத்தியா? இதத்தான் அந்த ஜெர்மன்காரன் எஞ்சினா பண்ணியிருக்கான்."

இதைவிட நல்ல விளக்கத்தை இன்றுவரை நான் கேட்டதில்லை. குழவிக்குப் பதில் புடைத்த பக்கங்கள் கொண்ட முக்கோண ரோட்டர். குழிக்குப் பதில் நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கிய, நிலக்கடலை ஓடு போன்ற கூடு. முக்கோணத்தின் மூன்று பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே மூன்று அறைகள். ரோட்டர் உருள உருள அறைகள் விரியும், சுருங்கும். ஓர் அறை காற்றையும் பெட்ரோலையும் இழுக்கும்போதே இன்னொன்றில் தீப்பற்றும், மூன்றாவது புகையைத் தள்ளும். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வந்து நின்று, மறுபடி போக வேண்டும். இதில் எதுவும் நிற்பதில்லை, திரும்புவதில்லை. ரோட்டர் ஒரு சுற்று வந்தால் நடுத்தண்டு மூன்று சுற்று வரும். அதனால்தான் அப்படி வழுக்கிக்கொண்டு சுழல்கிறது. சுழலும் வேகம் எல்லை தாண்டுவது காதுக்குத் தெரியாது என்பதால் மாஸ்டாவே உள்ளே ஒரு பீப் சத்தம் வைத்தார்கள். எஞ்சின் அலறுவதை வைத்து கியர் மாற்றிப் பழகியவர்கள் முதல் நாள் நிச்சயம் அந்தப் பீப்பைக் கேட்பார்கள்.

எல்லா வில்லங்கமும் முக்கோணத்தின் முனைகளில் இருக்கிறது. ஒவ்வொரு முனையிலும் ஓர் உலோகப் பட்டை, எபெக்ஸ் சீல். என் 13பி எஞ்சினில் 80 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து ஆறு. இந்த ஆறு பட்டைகளும் சுவரை விடாமல் உரசிக்கொண்டே போக வேண்டும். அவை தேயாமல் இருக்க எஞ்சினே கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பு எண்ணெயை, அதாவது எஞ்சின் எண்ணெயை, உள்ளே செலுத்தி எரித்துக்கொள்ளும். எண்ணெய் குறைகிறதே, வண்டி கெட்டுவிட்டது என்று நினைத்து விற்றவர்கள் எத்தனை பேர்! குறைவதுதான் ஆரோக்கியம். இரண்டு எண்ணெயும் குடிக்கிற வண்டி இது, பெட்ரோலையும் சேர்த்துச் சொல்கிறேன்.

என் எஞ்சினில் பட்டை ஒன்றின் ஓரம் உடைந்து சுவரைக் கீறியிருந்தது. ஆனால் மாமா கைநீட்டியது அதற்கல்ல, தண்ணீர் கசியாமல் காக்கும் ரப்பர் வளையத்துக்கு. கருகிப் போயிருந்தது. இந்த எஞ்சினில் தீ எப்போதும் ஒரே பக்கத்தில்தான் எரிகிறது. எதிர்ப்பக்கம் புதுக்காற்று வந்து குளிர்ந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் ஜன்னல். ஜாலான் ஈப்போ நெரிசலில், மதியம் 33 டிகிரி வெயிலில், ரேடியேட்டரில் தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் போதும், கதை முடிந்தது. முன்னால் வைத்திருந்தவர் தண்ணீர் பார்க்காமல் ஓட்டியிருக்கிறார். பழி மட்டும் இந்த எஞ்சினை யோசித்த வான்கலுக்கு, மாமா சொன்ன ஜெர்மன்காரருக்கு.

அந்த ஃபெலிக்ஸ் வான்கலைப் பற்றி ஒன்று. கடும் கிட்டப்பார்வை. கார் ஓட்டும் உரிமமே எடுக்காதவர் என்பார்கள். அவருடைய எண்ணத்தை ஜெர்மனியில் என்எஸ்யு நிறுவனம் 1957இல் ஓடும் எஞ்சினாகச் செய்து பார்த்தது. 1967இல் ஆர்ஓ80 என்று அழகான கார் ஒன்றை விட்டார்கள். எஞ்சின்கள் வரிசையாகத் திரும்பி வந்தன. எதிரெதிரே வரும் ஆர்ஓ80 ஓட்டுநர்கள் இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றினோம் என்று விரலைக் காட்டிக்கொள்வார்களாம். கம்பெனி 1969இல் ஃபோக்ஸ்வாகனுக்குள் போனது.

ஹிரோஷிமாக்காரர்கள் விடவில்லை. 1961இல் உரிமம் வாங்கிய மாஸ்டா, கெனிச்சி யாமாமோட்டோ தலைமையில் பொறியாளர் குழு ஒன்றை உட்கார வைத்தது. எஜமானுக்காக உயிர் கொடுத்த 47 சாமுராய்களின் பேரையே அந்தக் குழுவுக்கும் வைத்துவிட்டார்கள். சுவரில் அலை அலையாக விழுந்த கீறல்களுக்கு "பேயின் நகக்கீறல்" என்று பெயரிட்டு, பட்டையை எதில் செய்தால் கீறாது என்று வருடக்கணக்கில் தேடினார்கள். கார்பனும் அலுமினியமும் கலந்த பட்டை கைகொடுத்தது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் வந்தது.

நம் பக்கத்து ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. மாஸ்டாவின் ஆர்100 ரோட்டரி வெளிநாட்டுப் பந்தயத்தில் முதலில் ஜெயித்தது ஐரோப்பாவில் அல்ல, 1969இல் சிங்கப்பூரில், தாம்சன் சாலையில். ஜொகூர் காஸ்வே பாலம் தாண்டினால் போதும்! இதை மாமாவிடம் சொன்னபோது, "அப்ப நம்ம சூட்டுக்குப் பழகுன எஞ்சின்தான்" என்றார்.

1991 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் மாஸ்டா ஜெயித்ததைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 787பி கார், நான்கு ரோட்டர், 362 சுற்று, கடைசியில் ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் சோர்ந்து விழுந்து மேடைக்கே வர முடியாமல் போனது. ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். ஜெயித்ததால் பொறாமைப்பட்டு ரோட்டரியைத் தடை செய்தார்கள் என்று நம் பையன்கள் மமக் கடையில் தே தாரிக்கோடு சேர்த்து ஆற்றுகிறார்களே, அது சரியில்லை. 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சின் விதி அந்தப் பந்தயத்துக்கு முன்பே முடிவானது. மாஸ்டா கடைசி வாய்ப்பில் ஜெயித்தது. கதை அப்படியே நன்றாகத்தான் இருக்கிறது, நாம் மசாலா சேர்க்க வேண்டியதில்லை.

சரி, தரகர் தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த எஞ்சினை ஓட்டினால் தேயும். ஓட்டாமல் வைத்தால் கெடும். கரி படிந்து பட்டைகள் தங்கள் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ரப்பர்கள் காயும். அதைவிட மோசம், காட்சிக்கு வைப்பவர்கள் செய்யும் ஒரு காரியம். இரண்டு வருடம் முன்பு ஒரு பேரங்காடியின் கார் நிறுத்தத்தில் பழைய ஜப்பானிய வண்டிகள் கூடியிருந்தன. சிவப்பு எஃப்டி ஒன்று, மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7, கண்ணாடி போல மின்னியது. படம் எடுக்க வெளிச்சம் சரியில்லை என்று அதன் சொந்தக்காரர் வண்டியைக் கிளப்பி, ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி, உடனே அணைத்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நினைத்தபடியே மறுபடி கிளம்பவில்லை. எஞ்சின் சூடாகும் முன் அணைத்தால் எரியாத பெட்ரோல் உள்ளே தங்கி, பட்டை மேல் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும். அழுத்தம் பிடிக்காது. அவர் சாவியைத் திருகத் திருக இன்னும் பெட்ரோல் கொட்டும். கூட்டமே சேர்ந்து தள்ளத் தயாரானது. நான் போய்ப் பெட்ரோல் பம்பை நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, சும்மா சுழலவிட்டு, எல்லாவற்றையும் மாட்டினேன். கிளம்பியது. நீலப் புகை இரண்டு மாடிக்குப் பரவிக் காவலாளி ஓடி வந்தார். அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டு, "இதெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணே, இது முதலீட்டுக்கு வாங்குனது" என்றார்.

அவர் மேல் கோபமில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று மாறிப்போனது. அதுவரை ரோட்டரியைப் பிடுங்கிவிட்டு வேறு எஞ்சின் வைப்பவர்களைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன். என் பழைய பதிவுகளைத் தேடினால் கிடைக்கும், கொஞ்சம் அசிங்கமாகவே திட்டியிருப்பேன். இப்போது அந்த ஆட்களைப் பார்த்தால் கை தூக்குகிறேன். சாமியை மாற்றிவிட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர் ஓடுகிறது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதத்தைப் பத்துமலைக்கு இழுக்காமல், மெருகு போகும் என்று பூட்டி வைத்தால் நாம் சும்மா இருப்போமா?

இதற்காக ரோட்டரி வாதிகள் என்னை இன்று இரவே வட்டத்திலிருந்து நீக்குவார்கள். பரவாயில்லை.

முதல் கார் வாங்கப் போகும் பிள்ளைகளே, தயவுசெய்து இதை வாங்காதீர்கள். ஊருக்குள் என் வண்டி லிட்டருக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர்தான் கொடுக்கிறது, அதுவும் விலை கூடிய ரோன் 97 பெட்ரோலில். 1973 எண்ணெய் நெருக்கடியில் மாஸ்டா கவிழப் பார்த்ததும் இந்தத் தாகத்தால்தான். வங்கி வந்து தூக்கி நிறுத்தியது. எரியும் அறை நீளமாக, ஒல்லியாக, நகர்ந்துகொண்டே இருப்பதால் பெட்ரோல் முழுதாக எரியாது. அது வடிவத்தின் குறை, எந்த ஃபோர்மனாலும் தீராது. என் மனைவி வீட்டுச் செலவுக் கணக்கில் இந்த வண்டியை "மூன்றாவது பிள்ளை" என்று எழுதி வைத்திருக்கிறார். எங்களுக்கு இரண்டுதான்.

2012இல் ரோட்டரி வைத்த ஆர்எக்ஸ்-8இன் உற்பத்தி நின்றபோது எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். 2023இல் எம்எக்ஸ்-30 காருக்குள் 830 சிசி ஒற்றை ரோட்டரை வைத்தார்கள். சக்கரத்தைத் திருப்ப அல்ல, மின்சாரம் செய்ய. நண்பர்கள் சிலர் அழாத குறை. எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. சிலம்பம் ஆடியவனைக் கணக்கெழுத உட்கார வைத்ததுபோல் இருந்தாலும், பையன் வேலையில் இருக்கிறான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்து பிளாட்டின் கீழே இறங்குவேன். எண்ணெய், தண்ணீர் பார்த்துக் கிளப்புவேன். வெப்பமானியின் முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாகவே போவேன். கோம்பாக் தாண்டியதும் காராக் நெடுஞ்சாலையில் ஏறாமல் பெந்தோங் போகும் பழைய சாலையைப் பிடிப்பேன். மூங்கில் கவிந்த வளைவுகள், ஈரம், சைக்கிள்காரர்கள். அவர்களுக்கு வழிவிட்டுப் பொறுமையாகப் போய், காலியான நேர்ச்சாலை கிடைத்ததும் ஒரே ஒரு முறை பீப் கேட்கும்வரை மிதிப்பேன். கரி வெளியேற வேண்டும், அது மருத்துவம். உண்மையைச் சொன்னால் மருத்துவம் பாதிதான்.

மாமா போய் ஆறு வருடம் ஆகிறது. கடைசிவரை அவர் அந்த வண்டியை ஓட்டியதில்லை, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வெப்பமானியையே பார்த்துக்கொண்டு வருவார். ஆட்டுக்கல் இப்போது தங்கை வீட்டு வாசலில், குழியில் மழைத்தண்ணீரோடு இருக்கிறது.

தரகர் தம்பி, வண்டி விற்பதற்கில்லை. ஆனால் வாங்க நினைப்பவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள். கீழே ஆறு மணிக்கு நிற்கச் சொல்லுங்கள். சாவியைக் கொடுக்கிறேன், அவரே ஓட்டட்டும். வரும்போது ஒரு லிட்டர் கறுப்பு எண்ணெய் வாங்கி வந்தால் நல்லது, இந்த மாதம் தீர்ந்துவிட்டது.