பழைய காணி வழக்குக் கட்டுகளை எடைக்குப் போடாதீர்கள்

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துச் சனம் எப்படி வாழ்ந்தது என்று கேட்டால் உடனே தேசவழமைச் சட்டத்தைக் காட்டுகிறோம். ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்மார் பார்த்துச் சரி சொன்னது அது. ஊர் எப்படி நடக்கவேண்டும் என்பது அதில் இருக்கிறது. எப்படி நடந்தது என்பது வழக்குக் கட்டுகளில்தான் கிடக்கிறது.

1833 நீதிச் சாசனத்தோடு மாவட்ட நீதிமன்றங்கள் வந்தன. கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைப் பக்கம் போய்வருகிற எங்களுக்குக் கொலை வழக்கும் அரசியல் வழக்கும்தான் பெரிதாகத் தெரியும். என்னைக் கேட்டால் பலருக்குப் பொதுவான காணியைப் பங்கு பிரிக்கிற பிரிவிடல் வழக்கைவிடப் பெரிய ஊர்க்கதை இல்லை. பூட்டன் வரைக்கும் போகிற வம்சாவளி, வீடு கிணறு பனை எல்லாம் குறித்த நில அளவையாளரின் வரைபடம், எதை ஆர் உரிமை கோரினார்கள் என்ற அறிக்கை எல்லாம் ஒரே கட்டுக்குள். காணி உறுதியில் "கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்" என்று ஒரு வரியில் முடிந்துபோவது, வழக்கென்று வந்தால் ஆர் இறைத்தார்கள், எந்த ஒழுங்கையால் போனார்கள், ஆரைக் கிணற்றடிக்கே விடவில்லை என்று விரியும். சாதியை அங்கே ஒளிக்க ஏலாது.

தேசவழமைப்படி கலியாணம் கட்டிய பெண் தன் சீதனக் காணியைக்கூடப் புருஷன் சம்மதமில்லாமல் விற்க முடியாது. அந்தக் காணியை ஆர் ஒற்றி வைத்தது, காசு எங்கே போனது என்று அவள் வாய்திறந்து சொன்ன இடம் சாட்சிக் கூண்டு. முத்திரைக் காசுக்கும் புரொக்டர் என்ற வழக்கறிஞரின் கூலிக்கும் வழியில்லாதவர்கள் வழக்காளியாக வரவில்லை, சாட்சியாக வந்தார்கள். அயலவன் வேலி அரக்கினதைப் பனையில் நின்று பார்த்தவர் சீவல் தொழிலாளிதானே! கோயில் கட்டியவரையும் பள்ளிக்கூடம் நிறுவியவரையும் பக்கம் பக்கமாக எழுதுகிற எங்கள் ஊர் வரலாறுகளில் இவர்களுக்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்குக் கோபமாக இருக்கிறது.

ஒல்லாந்தக் கம்பனியின் ஆவணங்கள் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் காப்பகத்தில் இருக்கின்றன. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிலும் ஏறிவிட்டன. வெள்ளவத்தை மாடிவீட்டு அலுமாரிக்குள் கிடக்கிற உங்கள் தாத்தாவின் வழக்குப் பிரதிக்கு அந்தக் காவல் இல்லை. வீடு மாறும்போது போத்தல் பேப்பர்காரரிடம் போகிறது. தயவுசெய்து அதற்கு முதல் ஸ்கேன் செய்யுங்கள், ஈழத்துத் தமிழ் ஆவணங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் சேர்த்துவைக்கிற நூலகம் நிறுவனத்தோடு பேசுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயர் வெளியே வரக்கூடாதென்றால் அதையும் சொல்லிவிட்டுக் கொடுங்கள். உறுதியையும் வரைபடத்தையும் மட்டும் உருவி எடுத்துக்கொண்டு சாட்சியத் தாள்களை எறிந்துவிடாதீர்கள், சனம் பேசினது அந்தத் தாள்களில்தான்.