கொள்முதல் நிலையத்தில் மூன்றாவது விலை வேண்டும்

இயற்கை அரிசி என்றாலே ‘அது பணக்காரங்க சாப்பாடு’ என்று சொல்லிவிடுகிறோம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் பயிர் வைக்கிற என் சித்தப்பாவின் கணக்கைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனசு வராது.

அவர் இயற்கை முறையில் போடுவது மாப்பிள்ளைச் சம்பா என்கிற பாரம்பரிய நெல் ரகம். ஏக்கருக்கு 15 முதல் 20 மூட்டை கண்டால் நல்ல மகசூல். பக்கத்து வயலில் புது ரகம் போட்டவர் 30-க்கு மேல் அடிக்கிறார். மாப்பிள்ளைச் சம்பா ஆளுயரம் வளரும், தை மாதம் ஒரு மழை பெய்தால் படுத்துவிடும். படுத்த பயிரை மெஷின் மெதுவாகத்தான் அறுக்கும், வாடகையோ மணிக்கணக்கு. களைக்கொல்லி கிடையாது என்பதால் களையெடுக்கக் கூலி வேறு. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது என்றால், மீதியை மத்திய அரசு மானியமாகக் கட்டுகிறது. கைக்களைக்குக் கொடுக்கும் கூலியை யார் கட்டுவார்?

சரி, இவ்வளவு பாடுபட்டு விளைந்த நெல்லை அரசின் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அங்கே சன்ன ரகம், பொது ரகம் என்று இரண்டே விலை. மருந்தடிக்காத நெல்லும் அதே விலைக்குத்தான் போகும். விளைச்சல் பாதி, விலை ஒன்று என்றால் எப்படிக் கட்டுப்படியாகும்? அதனால் விவசாயியே வியாபாரியாக வேண்டியிருக்கிறது. அவிக்கணும், காய வைக்கணும், பத்து மூட்டையைத் தனியாக அரைத்துத் தருகிற சின்ன மில்லைத் தேடணும். அப்புறம் வண்டு. மருந்தில்லாத அரிசி என்பதால் வண்டு கொல்லும் மாத்திரை வைக்க முடியாது. சித்தி மொட்டைமாடியில் தார்ப்பாய் விரித்து அரிசியைக் கொட்டுவார். வெயில் ஏற ஏற வண்டுகள் ஓரத்துக்கு ஊர்ந்து வரும். மிச்சத்தைச் சலித்து, வசம்பு போட்டு மறுபடி மூட்டை கட்டுவார். அரிசி விற்றுத் தீரும்வரை இந்த வேலை ஓயாது. இயற்கை விளைச்சல் என்று சான்றிதழ் வாங்கலாம் என்றால், நெல்லுக்கு இரண்டு வருஷம் மாறுதல் காலம், அதாவது ரசாயனத்தை விட்டபின் காத்திருக்கும் காலம். அதுவரை உழைப்பு இயற்கை விவசாயத்துக்கானது, விற்பனை சாதாரண நெல்லாக.

அப்படி வந்த அரிசிக்குத் தஞ்சாவூர்க் கடை சித்தப்பாவுக்குத் தருவது கிலோ 75 ரூபாய். நாம் வாங்குவது 120-க்கு.

எனக்கு உண்மையிலேயே வலிப்பது வேறு. இந்த வயலில் நாற்று நட்டவர்கள் வீட்டில் உலை கொதிப்பது ரேஷன் அரிசியில். பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்ட நெல் ஜெயராமன், விவசாயிகளுக்கு 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டார். இந்த ரகங்கள் காசில்லாமல் கைமாறித்தான் டெல்டாவில் மறுபடி பரவின. அந்த மண்ணின் ஆட்களுக்கே அது எட்டாத விலையில் இருப்பது அநியாயம்.

டவுனில் இருப்பவர்கள் நாலு வீடு சேர்ந்து, அறுவடையின்போதே நெல்லாக வாங்கி அரைத்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் செய்தோம், அரவைக் கூலி உட்பட அரிசி கிலோ 70 ரூபாய்க்குள் முடிந்தது. ஆனால் இது நாலு வீட்டுக்குத்தான் ஆகும். அரசு பாரம்பரிய நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் மூன்றாவதாக ஒரு விலை வைத்து வாங்கி, அந்த அரிசியை முதலில் டெல்டா மாவட்டங்களின் சத்துணவுக் கூடங்களுக்குக் கொடுக்கட்டும். அடுத்த சம்பா நடவுக்கு முன்பே அந்த விலையை அறிவித்தால்தான் விவசாயி நம்பி விதை விடுவார்.