தம்புரா இரைச்சல் அல்ல

மார்கழிக் கச்சேரிகளை இணைய நேரலையில் கேட்பது சபாவுக்கு நேரில் செல்வதற்கு ஈடாகிவிட்டது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். வெளியூர் ரசிகர்களுக்கும் முதியவர்களுக்கும் அது பெரிய வரம் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒலியின் தரத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லாதது வருத்தமளிக்கிறது. சென்ற மார்கழியில் நான் கேட்ட ஒரு நேரலையில், பாடகர் பாடும்போது, பின்னணியில் இடைவிடாமல் சுருதி தரும் தம்புரா மங்கலாகவேனும் கேட்டது. ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையின் நடுவே அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடங்களிலெல்லாம் சுருதி அடியோடு மறைந்துபோனது. பேச்சுக்காக வடிவமைக்கப்பட்ட இரைச்சல் நீக்கும் மென்பொருள், மாறாமல் தொடர்ந்து ஒலிக்கும் எதையும் மின்விசிறிச் சத்தமாகவே கருதும் என்பதால், முதலில் அடிபடுவது தம்புராதான். அமைப்பாளர்கள் அந்த வசதியை அணைத்துவிட்டு, அரங்கின் ஒலிக்கலவைக் கருவியான மிக்சரிலிருந்து நேரடியாக இணைப்பு எடுத்தாலே பெருமளவு சரியாகிவிடும். தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாட்டையும் அணைத்தால், தாளவாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் மெல்லிய சொற்கள் (தட்டொலிகள்) உரத்த சொற்களுக்குச் சமமாக ஏறி நயம் கெடாது.

பதிவுகளிலும் குறை உண்டு. எம்பி3 கோப்பினுள் பாட்டின் விவரங்களைத் தாங்கும் ஐடி3 குறிப்புகளில் இயற்றியவருக்குத் தனிப் புலம் இருக்கிறது, ராகத்துக்கும் தாளத்துக்கும் இல்லை. ஒலித்தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் கோப்பில் வேண்டிய புலத்தை நாமே சேர்த்துக்கொள்ளலாம். செயலிகள் பெரும்பாலும் பாடகரின் பெயரோடு நின்றுவிடுவதால், தோடி ராகக் கீர்த்தனைகளை மட்டும் திரட்டிக் கேட்க விரும்புபவர் தாமே பட்டியல் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. சபாக்கள் தங்கள் பதிவுகளை வெளியிடும்போதாவது ராகம், தாளம், பக்கவாத்தியக் கலைஞர்கள் ஆகிய விவரங்களைச் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.